வளையம் பெரிதாக இருந்தது

"கைய நீட்டுங்க சார். மூஞ்சிய அப்புறமா காட்டலாம்."

சொல்லி முடிப்பதற்குள் என் மணிக்கட்டு, நீச்சல் குளத்துக் கவுண்டரில் வளையம் மாட்டிவிடும் வளையக்காவின் பிடிக்குள் இருந்தது. அவருடைய கட்டைவிரலும் நடுவிரலும் என் கையைச் சுற்றி வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நடுவிரலில் பேனாவால் குறுக்கே போட்ட ஐந்து கோடுகள்; கை சிறுக்கச் சிறுக்கக் கோட்டின் எண் ஏறும். கட்டைவிரல் நுனி எந்தக் கோட்டில் வந்து நிற்கிறது என்று குனிந்து பார்த்தவர், நிமிர்ந்து என் தொப்பையைப் பார்த்தார். நம்பிக்கை வராமல் மறுபடியும் கையைப் பார்த்தார்.

"ரெண்டாங்கோடு! பத்தாங்கிளாஸ் புள்ளைங்க கை சார் இது. இவ்வளவு பெரிய உடம்புல யாரு கொண்டாந்து மாட்டுனது?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற வாண்டுகள் கொல்லென்று சிரித்தன. ஐம்பத்திரண்டு வயதில் அரைக்கால் நீச்சல் உடையோடு நாலு பேர் முன்னால் நிற்பதே பெரிய தண்டனை. அதில் இது வேறு. முதுகுவலிக்கு மாத்திரை எழுதித் தராமல் நீச்சல் எழுதித் தந்த டாக்டரை அன்றைக்கு நான் மனதுக்குள் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் மஞ்சள் வளையம். அந்த நீச்சல் குளத்தின் சட்டம் அது. கையில் ரப்பர் வளையம் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மஞ்சள் என்றால் இடுப்பளவுத் தண்ணீர்; குழந்தைகளோடும் என்னைப் போன்ற தொப்பைக்காரர்களோடும் அங்கேயே குதித்துக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சியாளர் வைக்கும் பரீட்சையில் தேறினால் நீலம். நீலம் கட்டியவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஆழத்துக்குப் போகலாம். உயரமான நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்திருக்கும் உயிர்காக்கும் தம்பி பார்ப்பதெல்லாம் நிறத்தைத்தான். நூறு பேர் ஒரே மாதிரி தொப்பியும் தண்ணீர்க் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு கும்மாளம் போடும் இடத்தில் அவர் வேறு எதைப் பார்ப்பார்?

இந்த வளையங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது, பெட்டியின் மேல் 'எல்லாக் கைக்கும் பொருந்தும்' என்று அச்சடித்திருந்ததாம். "எல்லாக் கைக்கும்னா எந்தக் கைக்கும் இல்லன்னு அர்த்தம் சார்" என்பார் வளையக்கா. குழந்தைகள் கையில் போட்டால் முழங்கை வரை ஏறும், கையைத் தொங்கவிட்டால் தரையில் விழும். சாயங்காலம் குளத்தின் வடிகால் கம்பியில் முப்பது வளையமாவது சிக்கிக் கிடக்கும். கழன்று விழுந்தது மஞ்சளாக இருந்தாலும் எல்லாப் பிள்ளையும் "என்னோடது நீலம்" என்றுதான் சாதிக்குமாம்.

மேனேஜர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். யாரோ போனில் அனுப்பிய வீடியோவில், ரப்பர் வளையத்தைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, உடனே ஐஸில் வைத்தால் சுருங்கும் என்று இருந்திருக்கிறது. அலுவலகத்தில் டீ போடும் கெண்டியிலேயே வேக வைத்தார்கள். வளையம் ஒரு மணி நேரம் சுருங்கியிருந்துவிட்டுப் பிறகு பழையபடி வாயைப் பிளந்தது. டீ மட்டும் ஒரு வாரத்துக்கு ரப்பராகவே மணத்தது. அப்போது வளையக்கா அங்கே துணிமாற்றும் அறைகளைத் துடைக்கும் வேலையில் இருந்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "கத்தரிய எடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவர்தான். ஒன்பது வருஷமாகிறது, கவுண்டர் அவருடையது.

அவர் செய்கிற வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வளையத்தை ஓரிடத்தில் குறுக்கே வெட்டுவார். கோட்டுக்குத் தகுந்த அளவு துண்டைக் கழிப்பார். ஒரு முனையை அம்புத் தலை மாதிரி செதுக்குவார். மறுமுனையில் கத்தி நுனியால் ஒரு கீறல். அம்பைக் கீறலுக்குள் நுழைத்து இழுத்தால் 'டப்'பென்று பூட்டிக்கொள்ளும். பசை கிடையாது. "பசைய இந்த குளோரின் தண்ணி நாலு நாள்ல தின்னுடும்." வீட்டுச் சமையலறையிலிருந்து கொண்டுவந்த கத்தரி, செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய சின்னக் கத்தி, இவ்வளவுதான் கருவிகள். கடைசியில் வளையத்தைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்ப்பார். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எத்தனை பேர் கையில் ஊறிய ரப்பர்!

"கழுவுனதுதான் சார். பல்லுல வராதது தண்ணியில வருமா?"

கையில் மாட்டிய பிறகு உதறச் சொல்வார். மூன்று முறை வெடுக்கென்று இழுப்பார். தண்ணீரில் இறங்கினால் குளிரில் கை ஒரு நூல் இளைக்கும், அதற்கும் சேர்த்துத்தான் கணக்கு. அவர் வெட்டிய வளையம் யார் கையிலிருந்தும் கழன்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை. பலகை முழுக்க ஆணி. வாடிக்கையாக வருகிறவர்களின் வளையங்கள் அதில் நிறவாரியாக, கோட்டுவாரியாகத் தொங்கும். எதிலும் பெயர் கிடையாது. கையைப் பிடித்த மாத்திரத்தில் பின்னால் திரும்பாமலேயே சரியான ஆணியிலிருந்து சரியான வளையத்தை எடுத்துவிடுவார். மச்சம், தழும்பு, நரம்பு ஓடும் விதம், எலும்பு துருத்தும் விதம், இதெல்லாம்தான் அவருக்கு ஊரும் பேரும். மேனேஜர் கொடுத்த வருகை நோட்டு ஒன்று கவுண்டரில் இருந்தது. அதன்மேல் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் உட்கார்ந்திருக்கும்.

முகம் என்ற ஒன்று மனிதர்களுக்கு இருப்பதையே அவர் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்து, "என்னக்கா, சௌக்கியமா?" என்றேன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர்தான். ஆனாலும் ஊருக்கெல்லாம் அக்கா, எனக்கும் அக்கா. அவர் யாரோ வம்பு செய்கிறான் என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. வேறு வழி தெரியாமல் கையை நீட்டினேன். விரல்கள் தானாக வந்து சுற்றிக்கொண்டன.

"அட, ரெண்டாங்கோடு! நீங்களா சார்? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

நடுத்தெருவில் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு பூரித்துப்போய் நிற்பதை பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுவதும் பார்த்தது. அவரோ எதையும் கவனிக்காமல் தன் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். "எங்க வீட்டுக்காரரு ஒருநாள் மீசைய எடுத்துட்டு வந்தாரு சார். ரெண்டு நாளா எனக்குத் தெரியவே இல்ல. மூணாம் நாள் சாப்பிடாம மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு. நான் என்ன கண்டேன்? சோறு போடறப்ப கைதான தெரியும்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

மேனேஜர் வாரத்துக்கு ஒருமுறையாவது கவுண்டருக்கு வந்து, "பேரைக் கேளுங்கம்மா, நோட்டைப் பாருங்கம்மா" என்று தலைதலையாய் அடித்துக்கொள்வார். அப்படி ஒருநாள் நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். வளையக்கா கத்தரியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னார்.

"ஒரே பேருல இங்க நாலு புள்ளைங்க வருது சார். ஒரே கையில ரெண்டு புள்ளைங்க வந்து பாத்திருக்கீங்களா?"

நான் கைதட்டாத குறை. "அக்கா சொல்றது நியாயம்தானே சார்" என்று ஒத்து வேறு ஊதினேன். என்னை யார் கேட்டார்கள்?

அது நடந்து ஒன்றிரண்டு மாதம் இருக்கும். ஒரு விடுமுறை நாள், காலை பத்து மணி. கவுண்டரில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை. வீட்டிலிருந்து வரும்போதே தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாமே அப்படித்தான். காரை விட்டு இறங்கும்போதே பாதி மீனாகத்தான் இறங்குகின்றன. கையை எக்கி கவுண்டர் மேல் வைத்தது. வளையக்கா விரலைச் சுற்றினார். மணிக்கட்டின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்த எலும்பைக் கட்டைவிரலால் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது.

"யாரு, எந்திரிச்சு வந்துட்டியா தங்கம்!"

ஒரு மாதத்துக்கு முன் ஓர் அம்மா வந்து, மகளுக்கு விடாத காய்ச்சல், நாலைந்து வாரம் வர மாட்டாள், அவள் வளையத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். வளையக்கா திரும்பாமல் பின்னால் கையை நீட்டி நீல வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தார். நாலாங்கோட்டு வளையம். குழந்தையின் கையில் மாட்டினார். அது தொளதொளவென்று ஆடியது.

"அடப்பாவமே! நாலரைக்குல்ல போயிடுச்சு. பாத்தீங்களா சார், ஜுரம் புள்ளைய எப்படி உருக்கியிருக்குன்னு? வளையமே பெருசாயிடுச்சு."

அந்த இடத்திலேயே பூட்டை அவிழ்த்தார். ஒரு விரல் அகலத்துக்கு ரப்பரை வெட்டிக் கழித்தார். புதிதாக அம்பு செதுக்கினார். மாட்டினார், உதறச் சொன்னார், மூன்று முறை இழுத்தார். அசையவில்லை. குழந்தை தன் கையில் இருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு விட்டால் போதும் என்று ஓடிவிட்டது. கையைத் தொட்டே காய்ச்சலைக் கண்டுபிடிக்கிறாரே இந்த மனுஷி என்று நான் வியந்துபோய் நின்றேன். நானும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தது என் முறை. என் பழைய மஞ்சளின் கீறல் தேய்ந்துவிட்டதால் புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்தார். பாதி செய்திருப்பார். காரை நிறுத்திவிட்டு ஒருவர் தோளில் ஒரு துண்டோடு அவசரமாக உள்ளே வந்தார்.

"சின்னவ உள்ள போயிட்டாளா? துண்டக்கூட எடுக்காம ஓடிட்டா."

"எந்தச் சின்னவ?" என்றார் வளையக்கா, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இப்பதாங்க வந்தா. மஞ்சத் தொப்பி. பெரியவதான் இங்க வழக்கமா வர்றவ. அவளுக்கு இன்னும் ஜுரம் சரியா விடல, வீட்டுல படுத்திருக்கா. இவ நச்சரிப்பு தாங்காம முதமுதலா கூட்டிட்டு வந்தேன். இடுப்பளவு தண்ணியிலதான விடுவீங்க?"

கத்தி நின்றது. வளையக்கா அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் துண்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மணிக்கட்டின் வெளிப்பக்கம் அதே எலும்பு, அதே துருத்தல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவுண்டரின் அந்தப் பக்கத்திலிருந்து வளையக்கா எப்படி வெளியே வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கவுண்டரின் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்தாரா, குனிந்து வந்தாரா, நினைவில்லை. செருப்புக் காலோடு குளத்துப் பக்கம் ஒரு அடி வைத்தாலும் ஆளை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர், செருப்போடு, கையில் கத்தியோடு, ஈரத்தரையில் ஓடினார். பின்னால் நான். எனக்குப் பின்னால், ஒன்றும் புரியாமல் அந்த அப்பா.

"தம்பி! நீலம் இல்ல தம்பி, மஞ்ச! மஞ்சப் புள்ள ஆழத்துல இருக்கு!"

விசில்காரத் தம்பி நாற்காலியிலிருந்து குனிந்தார். ஆழத்துப் பக்கம் முப்பது நாற்பது தலைகள். எல்லாக் கையிலும் நீலம்.

"எல்லாம் நீலம்தானக்கா இருக்கு? எந்தப் புள்ள?"

"நீலம்தான் போட்டிருக்கு. ஆனா நீலம் இல்ல!"

"யாருக்கா? எப்படி இருக்கும்?"

வளையக்கா அவரை அண்ணாந்து பார்த்தார். எப்படி இருக்கும்? கறுப்பா சிவப்பா, பல் விழுந்திருந்ததா, கன்னத்தில் குழி உண்டா, ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு அளவு.

"நாலரை... நாலரைக் கோடு தம்பி..." என்றார். அழுகிற குரலில், நடுவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு.

அந்த நேரத்தில் அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் கேட்டதில்லை. அப்பா அதற்குள் விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். "பாப்பா! பாப்பா!" என்று கரையோரமாக ஓடினார். மஞ்சள் தொப்பி என்று அவர் சொல்லியிருந்தார். அங்கே ஏழெட்டு மஞ்சள் தொப்பிகள் மிதந்தன. குழந்தைகள் கத்துகிற சத்தத்தில் எது விளையாட்டு, எது அலறல் என்று யாருக்குத் தெரியும்? உண்மையில் அலறல் எதுவும் இல்லை. மூழ்குகிறவர்கள் கையை ஆட்டிக் கூப்பாடு போடுவார்கள் என்றுதான் ஐம்பத்திரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை.

விசில்காரத் தம்பி நீளமாக ஊதினார். எல்லோரையும் கரைக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினார். தலைகள் மெதுவாக ஓரத்துக்கு நகரத் தொடங்கின. அப்போதுதான் வளையக்கா திடீரென்று அசையாமல் நின்றார். அவர் தலைகளைப் பார்க்கவில்லை. ஒரு கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆழத்தின் நடுவே போகும் மிதவைக் கயிற்றில், தண்ணீர் மட்டத்தில், ஒரு சின்னக் கை ஒட்டிக்கொண்டிருந்தது. தலை தெரியவில்லை. கை மட்டும். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டுக்கொண்டிருந்தன.

"அந்தக் கை! தம்பி, அந்தக் கை!"

கை கயிற்றிலிருந்து நழுவவும் தம்பி குதிக்கவும் சரியாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், பிறகு எல்லோரும் பத்து விநாடி என்றார்கள். எனக்கு என் கல்யாணம், குழந்தைகள் பிறந்தது, எல்லாம் அதற்குள் ஒருமுறை நடந்து முடிந்தது போல இருந்தது. வளையக்கா கரையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் நீச்சல் தெரியாது. ஒன்பது வருஷத்தில் அந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. விளிம்பில் நின்று, தண்ணீருக்குள் போய்விடுவார் போலச் சாய்ந்தார். நான் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன்.

தம்பி குழந்தையை மேலே கொண்டுவந்து தரையில் போட்டார். அழுத்தினார், புரட்டினார். வாயிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. பிறகு ஓர் இருமல். பிறகு, அப்பா என்ற ஒரு வார்த்தை. பிறகு அழுகை. இவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. நான் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலுதவி அறையில் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. நாடி பார்க்க வந்த நர்ஸ் கையிலிருந்த வளையத்தைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. இழுத்துப் பார்த்தார். அவ்வளவு களேபரத்திலும் அந்த வளையம் ஒரு நூல்கூட நகரவில்லை. அளவு என்றால் அப்படி ஓர் அளவு. முதலில் அது பெரிதாகத்தானே இருந்தது? இது உன்னுடைய கை இல்லை என்று வளையம் தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்திருக்கிறது. அந்த ஒரு விரல் அகலத்தைத்தான் வெட்டிக் கழித்தோம். நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வளையக்கா கத்தரியை எடுத்து வந்தார். கத்தரியின் நுனியை ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் நுழைக்க முடியவில்லை அவரால். நாலு முறை முயன்றார். கடைசியில் நர்ஸ்தான் வாங்கி வெட்டினார்.

மேனேஜர் வெளுத்துப்போய் ஒரு தாளோடு வந்தார். நடந்ததை எழுதிவைத்தாக வேண்டும். எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "புள்ள அவ அக்காவோட வளையத்த தன்னோடதுன்னு சொல்லி வாங்கிட்டா. அப்படித்தான?" என்றார். நல்ல மனிதர்தான். வளையக்காவைக் காப்பாற்ற நினைத்தார். அது தன்னுடையது இல்லை என்று குழந்தை சொல்லாமல் இருந்தது உண்மை. வளையக்கா பேசாமல் இருந்திருந்தால், விஷயம் அத்தோடு ஏழு வயதுக் குழந்தையின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். நான்கூட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் தலையாட்டிவிட்டால் தேவலை என்றுதான் நினைத்தேன்.

"இல்ல சார். அவ ஒரு வார்த்தை சொல்லல. நான் கேக்கவே இல்ல" என்றார் வளையக்கா. "பேரு கேக்கல. நோட்டப் பாக்கல. மூஞ்சியப் பாக்கல. வளையம் பெருசா இருந்துச்சு, வெட்டி நான்தான் போட்டேன். அப்படியே எழுதுங்க."

அந்த அப்பா அப்போதுதான் அவரைப் பார்த்தார். திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போனார். திட்டியிருந்தால் வளையக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் கவுண்டரில் வேறு ஒருவர் இருந்தார். பலகையில் வளையம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்து மூட்டை கட்டியிருந்தார்கள். பெட்டியிலிருந்து புதுசாக எடுத்து, வெட்டாமல், பெயர் கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டு கொடுத்தார்கள். என் மஞ்சள் முதல் முங்கலிலேயே கழன்று போனது. எனக்கு அதைத் தேடத் தோன்றவில்லை. மூன்று வாரம் அப்படிப் போனது. குழந்தை மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டதாகவும் நன்றாக இருப்பதாகவும் விசில்காரத் தம்பி சொன்னார். வளையக்காவைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார். அவருமே அந்த மூன்று வாரமும் நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

நாலாவது வாரம் போனபோது கவுண்டருக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது, எப்படித் திரும்ப எடுத்தீர்கள் என்று மேனேஜரைத் தனியாக விசாரித்தேன். "வடிகால்ல மறுபடியும் முப்பது நாப்பது கிடக்குது சார். எனக்குத் தூக்கமே வரல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் புள்ளையோட அம்மா வந்துட்டுப் போனாங்க. கயித்துல இருந்த அந்தக் கைய வேற யாரு பாத்திருப்பாங்கன்னு கேட்டாங்க. அதான் அக்காவ வரச் சொல்லிட்டேன்" என்றார்.

வளையக்கா இளைத்திருந்தார். நடுவிரலில் கோடுகள் இருந்தன. ஃபிளாஸ்க் தரைக்கு இறங்கியிருந்தது; நோட்டு திறந்திருந்தது. நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். அவர் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷப் பழக்கத்தில் முதன்முதலாக. நெற்றி, மூக்கு, மீசை என்று பாடம் எழுதுவது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இந்த மூஞ்சிக்கு இந்தக் கை சரியாத்தான் இருக்கு சார்" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. "பேரு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

நான் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் சலசலப்பு. அந்த அம்மா வந்திருந்தார், இரண்டு பெண்களோடு. பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டு முகம் தெளிந்திருந்தது. சின்னவள் அம்மாவின் பின்னால் பாதி மறைந்துகொண்டு நின்றாள். தலையில் அதே மஞ்சள் தொப்பி, கண்ணில் அதே கண்ணாடி; வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வந்தாயிற்று. வளையக்கா எழுந்தார். கத்தரி கையிலிருந்து நழுவி நோட்டின்மேல் விழுந்தது.

"போ, காட்டு" என்றார் அம்மா. சின்னவள் முன்னால் வந்து, எக்கி, கையைக் கவுண்டரின்மேல் வைத்தாள். மெலிந்த கை, துருத்திய எலும்பு.

வளையக்கா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ஈரத்தரையில் அவள் உயரத்துக்கு மண்டியிட்டார். இரண்டு கட்டைவிரல்களாலும் அவளுடைய கண்ணாடியை மெதுவாக நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டார்.